இனாமும் ஊதியமும்

(படிப்பு வட்டங்களுக்கான பாடம்)



உணவுச்சாலையில் பரிமாறியவருக்கும், விடுதியில் அறையைத் துப்புரவு செய்தவருக்கும், வீட்டு வாயிலில் எரிவாயு சிலிண்டரை இறக்கி வைத்தவருக்கும் உரிய விலைக்கு மேலாகச் சில ரூபாய் கொடுப்பது இன்று எங்கும் காணும் வழக்கமாகும். இதனை டிப்ஸ் என்கிறோம். இனாம் என்றும் பக்ஷீஸ் என்றும் நம் முன்னோர் சொல்லி வந்தனர். பார்வைக்கு இஃது அற்ப விஷயமே. ஆயினும் இதைக் குறித்து நம்மில் இருவேறு கருத்துடையோர் உளர்.

ஒரு சாரார், “கொடுப்பது நல்வினை, இதில் ஆராய என்ன இருக்கிறது?” என்பர். மற்றொரு சாரார், பெரும்பாலும் கற்ற இளைஞர், “கை நீட்டிக் காசு வாங்குவது அடிமைப் பழக்கம். சமத்துவம் பேசும் நாம் அதைக் கொடுக்கவும் கூடாது, வாங்கவும் கூடாது” என்பர். நம் குடும்பங்கள் பலவற்றில் கொடுப்பவரும் வாங்குபவரும் ஒரே கூரையின் கீழ் வாழ்கின்றனர். மகன் அலுவலகத்தில் உத்தியோகம் பார்க்கிறான். தந்தை விடுதி வாயிலில் காவல் இருக்கிறார். மகன் வெளியூர் விடுதியில் இனாம் கொடுக்கும் அதே மாலையில் தந்தை இங்கே இனாம் வாங்குகிறார். ஆகவே இக்கேள்வியை எளிதில் தள்ளிவிட இயலாது. பொறுமையுடன் ஆராய்வோம்.

1. சொற்களின் பொருள்

முதலில் நான்கு சொற்களைப் பிரித்தறிதல் வேண்டும்.

கூலி அல்லது ஊதியம் என்பது உழைப்புக்கு ஈடாக வரவேண்டியது. அது கடன். கொடுப்பவன் மனம் குளிர்ந்திருந்தாலும் கசந்திருந்தாலும் கொடுத்தே தீரவேண்டும். வாங்குபவன் நன்றி சொல்ல வேண்டுவதில்லை.

இனாம் என்பது அக்கடன் தீர்ந்தபின் விருப்பத்தினால் மேலும் கொடுப்பது. கொடுக்காவிடில் குற்றமில்லை.

லஞ்சம் என்பது கடமையாகச் செய்ய வேண்டிய வேலைக்கு விலை கேட்பது. அரசாங்க மருத்துவமனையில் பிறந்த குழந்தையைத் தாயின் உறவினருக்குக் காட்டுவதற்குப் பணம் கேட்கும் வழக்கம் பல ஊர்களில் உண்டு. அதற்கு இனாம் என்று பெயரிட்டாலும் அது லஞ்சமே. பணம் கொடுக்காவிடில் வேலை நடக்காது என்னும் நிலை எங்குண்டோ அங்கு இனாம் இல்லை.

தானம் என்பது கைம்மாறு கருதாது கொடுப்பது. நல்ல பரிமாறலை எதிர்பார்த்து முன்னதாகவே காசை நீட்டுகிறவன் தானம் செய்யவில்லை, வியாபாரம் செய்கிறான்.

இவற்றுள் முதலிரண்டும் ஒன்றோடொன்று கலக்கும்போதுதான் தீங்கு விளைகிறது. எங்கே ஊதியத்தின் இடத்தை இனாம் பிடித்துக்கொள்கிறதோ, அங்கே உழைத்தவன் இரப்பவனாகிறான். கொடுக்கக் கடமைப்பட்டவன் வள்ளலாகிறான். இதுவே இப்பாடத்தின் சாரம். சரித்திரம் இதற்குச் சான்று பகரும்.

2. பலுதா என்னும் வழக்கம்

மராட்டிய நாட்டில் மஹார் மக்கள் பரம்பரையாகக் கிராம ஊழியம் செய்து வந்தனர். செய்தி சுமந்து செல்லுதல், ஊர்க்காவல், எல்லை காட்டுதல், இறந்த கால்நடைகளை அகற்றுதல் முதலியன அவர்கள் தலையில் விழுந்த வேலைகள். அதற்கு ஈடாக வதன் என்னும் சிறு நிலமும், அறுவடையில் பலுதா என்னும் தானியப் பங்கும் கிடைத்தன. வேலைக்கு நேர அளவு இல்லை. தானியத்துக்கும் நிச்சய அளவு இல்லை. குடியானவன் மனம் வைத்தால் கொடுப்பான், சினந்தால் நிறுத்துவான். உழைத்துப் பெற்றதையே பிச்சையைப் போல் பெறவேண்டிய நிலை.

பாபாசாகேப் அம்பேத்கர் 1928-ஆம் ஆண்டில் பம்பாய்ச் சட்டசபையில் பரம்பரை உத்தியோகச் சட்டத்தைத் திருத்த ஒரு மசோதாவைக் கொண்டுவந்தார். மக்கள் இந்த வதன் கட்டிலிருந்து விடுபட வேண்டும், செய்யும் வேலைக்கு நிச்சயமான ஊதியம் வேண்டும் என்பதே அவர் கருத்து. அன்று அம்முயற்சி நிறைவேறவில்லை. 1958-ஆம் ஆண்டின் பம்பாய்ச் சட்டமொன்றினால்தான் இத்தகைய கீழ்நிலை வதன்கள் ஒழிக்கப்பட்டன. சில படி தானியத்துக்காக அத்தனை பாடு எதற்கு என்று கேட்பவர், அத்தானியம் எந்த முறையில் கொடுக்கப்பட்டது என்பதை நினைக்க வேண்டும். உரிமையாக வரவேண்டியது தயவாக வந்தது, அதுவே அவமானம்.

3. தூங்கும் வண்டிகளின் ஊழியர்

இனி, கடல் கடந்த ஒரு நாட்டின் கதையைக் கேட்போம். அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் 1865-இல் முடிந்து நீக்ரோ அடிமைகள் என்று அந்நாளில் அழைக்கப்பட்ட கறுப்பின மக்கள் விடுதலை பெற்றனர். அதன்பின் ஜார்ஜ் புல்மன் என்பவருடைய கம்பெனி, ரயில்களில் படுக்கை வசதியுள்ள வண்டிகளை ஓட்டிற்று. அவ்வண்டிகளில் படுக்கை விரிக்கவும், பெட்டி தூக்கவும், காலணிக்கு மெருகிடவும் விடுதலை பெற்ற அம்மக்களையே பெரும்பாலும் அமர்த்திற்று. சம்பளம் சொற்பம், பிழைப்புக்குப் பயணிகள் தரும் டிப்ஸையே நம்ப வேண்டியிருந்தது.

இதில் லாபம் யாருக்கு? பயணி தன் கையிலிருந்து கொடுத்தான். அவ்வளவுக்குச் சம்பளம் குறைந்தமையால் கம்பெனிக்கு மிச்சம். ஊழியனோ, இரவெல்லாம் விழித்திருந்து, யார் எவ்வளவு இழிவாகப் பேசினும் புன்னகை செய்ய வேண்டியவனானான். ஏனெனில் சிரிக்காத முகத்துக்குக் காசு விழாது. பயணிகள் அவர்களுள் ஒவ்வொருவனையும் ‘ஜார்ஜ்’ என்றே கூப்பிட்டனர். அடிமையை எஜமானன் பெயரால் அழைத்த பழைய வழக்கத்தின் மிச்சம் அது. தாய் தந்தையர் இட்ட பெயர் அவ்வண்டிக்குள் செல்லவில்லை. பெயரிழந்த வலி இன்னதென்று நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டுவதில்லை அன்றோ?

டிப்ஸ் தீது என்று கண்ட சிலர் அந்நாட்டில் சட்டத்தின் துணையை நாடினர். 1909-இல் வாஷிங்டன் மாநிலம் டிப்ஸைத் தடை செய்தது. வேறு சில மாநிலங்களும் பின்பற்றின. ஆனால் 1926-க்குள் அச்சட்டங்கள் யாவும் நீக்கப்பட்டன. காசு கொடுப்பதைத் தடுத்த அச்சட்டங்கள் முதலாளி கொடுக்க வேண்டிய கூலியை உயர்த்தவில்லை. நோயின் வேரை விட்டு இலையைக் கிள்ளின.

ஊழியர்களோ வேரைத் தேடினர். 1925 ஆகஸ்டில் ஏ. பிலிப் ராண்டால்ஃப் தலைமையில் தூங்கும் வண்டி ஊழியர் சங்கம் தோன்றிற்று. அவர்கள் 1927-இல் மாநிலங்களுக்கிடை வர்த்தகக் கமிஷனிடம் ஒரு மனுக் கொடுத்தனர். டிப்ஸை நம்பி வாழும் முறையை ஒழித்துச் சம்பளத்தை உயர்த்த வேண்டும் என்பது அதன் கருத்து. வாங்குகிறவர்களே வாங்கும் முறை வேண்டாம் என்று கேட்ட அதிசயத்தைக் கவனியுங்கள். 1928-இல் அக்கமிஷன், இது தன் அதிகாரத்துக்கு உட்பட்டதன்று என்று தள்ளிவிட்டது. அவர்கள் சோரவில்லை. 12 ஆண்டுப் போராட்டத்துக்குப் பின் 1937-இல் கம்பெனி சங்கத்தோடு ஒப்பந்தம் செய்தது. சம்பளம் உயர்ந்தது. மாதத்துக்கு ஏறக்குறைய 400 மணி நேரமாக இருந்த வேலை 240 மணியாகக் குறைந்தது. அச்சங்கத்தில் நிமிர்ந்து நிற்கப் பழகிய ஈ. டி. நிக்ஸன் என்னும் ஊழியரே, 1955-இல் மாண்ட்கோமரி நகரில் நடந்த பேருந்துப் புறக்கணிப்பைத் தொடங்கி வைத்த தலைவர்களுள் ஒருவர்.

4. ஆலைத் தொழிலாளியின் போனஸ்

அயல்நாட்டுக் கதை போதும். நம் நாட்டு ஆலைகளுக்கு வருவோம். யான் ஆலையில் உழைத்த காலத்தில் முதிய தொழிலாளர் சிலர் போனஸைத் ‘தீபாவளி இனாம்’ என்றே சொல்லக் கேட்டிருக்கிறேன். அச்சொல்லுக்குப் பின்னால் நீண்ட சரித்திரம் உண்டு.

1917-இல் முதல் உலகப் போரின் விலையேற்றத்தை முன்னிட்டுப் பம்பாய் ஆலை முதலாளிகள் சம்பளத்தில் 10 சதவீதம் போர்க்கால போனஸ் அளித்தனர். 1918-இல் அது 15 சதவீதமாயிற்று. பின்னர் 1923-ஆம் ஆண்டுக்குரிய போனஸ் நின்றது. 1924-இன் தொடக்கத்தில் ஆலைகள் வேலைநிறுத்தத்தால் மூடிக்கிடந்தன. தலைமை நீதிபதி நார்மன் மக்லியாட் தலைமையில் அமைந்த குழு ஆராய்ந்து, சட்டப்படி கோரத்தக்க உரிமை தொழிலாளருக்கு இல்லை என்று கூறிற்று. அதாவது, அது இனாமாகவே கொள்ளப்பட்டது. கொடுத்த கை மூடிக்கொண்டால் கேட்க நியாயமில்லை.

அக்கருத்து மாறுவதற்கு 40 ஆண்டுகள் சென்றன. 1950-இல் தொழிலாளர் மேல்முறையீட்டு நீதிமன்றம், லாபத்தில் உழைப்புக்கும் பங்கு உண்டு என ஏற்று அதற்கொரு கணக்கு முறையை வகுத்தது. 1965-இல் போனஸ் சட்டம் பிறந்தது. முதலில் 4 சதவீதமாக இருந்த குறைந்த அளவு பின்னர் 8.33 சதவீதமாயிற்று. இப்பொழுது 2019-ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பிலும் அது நிலைபெற்றிருக்கிறது. இனாம் என்று பிறந்தது உரிமையாய் வளர்ந்த வரலாறு இது. முதலாளிமார் மனம் இரங்கியதால் இது நேரவில்லை. தொழிலாளர் கூடிக் கேட்டதால் நேர்ந்தது.

5. இன்றைய நிலை

அமெரிக்காவில் 1966-ஆம் ஆண்டுத் திருத்தம் உணவுச்சாலைத் தொழிலாளருக்குக் குறைந்தபட்ச ஊதியத்தை அளித்தது. ஆயினும் டிப்ஸில் ஒரு பகுதியை அந்த ஊதியத்திலேயே கழித்துக்கொள்ள முதலாளிக்கு இடம் தந்தது. இன்று மத்திய சட்டப்படி குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 7.25 டாலர், டிப்ஸ் வாங்குவோருக்கு முதலாளி ரொக்கமாகத் தரவேண்டியதோ 2.13 டாலர் மட்டுமே. இவ்வளவு 1991 முதல் மாறவில்லை. டிப்ஸ் சேர்ந்தும் 7.25 எட்டாவிடில் குறையை முதலாளி நிரப்ப வேண்டும் என்பது விதி. கலிபோர்னியா முதலிய 7 மாநிலங்கள் இக்கழிவை ஏற்காமல் முழு ஊதியத்தையும் கொடுக்கச் செய்கின்றன. ஆகையால் அந்நாட்டுக்குச் செல்லும் நம் பிள்ளைகள், உணவுச்சாலையில் 15 முதல் 20 சதவீதம் டிப்ஸ் வைப்பது ஏன் என்று உணர வேண்டும். பல மாநிலங்களில் அது பரிமாறியவரின் ஊதியமே.

ஜப்பானில் வழக்கம் இதற்கு நேர்மாறு. அங்கே டிப்ஸ் கொடுப்பதில்லை. மேசையில் விட்டு வந்த பணத்தை, மறந்துவிட்டீர்கள் போலும் என்று திருப்பிக் கொடுக்க வருவதுண்டு. நன்கு பரிமாறுவது தொழிலின் பகுதி, அதன் விலை உணவின் விலையில் அடங்கியது என்பது அவர்கள் கொள்கை. பிரிட்டனில் 2024 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த சட்டம், வாடிக்கையாளர் தந்த டிப்ஸ் முழுவதையும் தொழிலாளரிடையே நியாயமாகப் பகிர வேண்டும் என்கிறது.

நம் நாட்டில், 1976-இல் உச்ச நீதிமன்றம் ஓர் ஓட்டல் தொழிலாளர் வழக்கில், வெளியார் தரும் டிப்ஸ் முதலாளி தரவேண்டிய ஊதியத்தின் பகுதியாகாது என்று தெளிவுபடுத்திற்று. இது நாம் நெஞ்சில் பதிக்க வேண்டிய தீர்ப்பு. மேலும், உணவுச்சாலைகள் பில்லில் தாமாகவே ‘சர்வீஸ் சார்ஜ்’ சேர்ப்பதை 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தடுத்தது. 2025 மார்ச்சில் டில்லி உயர் நீதிமன்றம் அதனை உறுதி செய்தது. கட்டாயத்தால் பிடுங்குவது இனாமாகாது என்பதே இதன் பொருள். அப்பணம் பரிமாறியவர் கைக்குச் செல்லும் என்பதற்கும் உறுதியில்லை.

6. கொடுப்போர் ஒழுங்கு

இனி நடைமுறைக்கு வருவோம். அங்குத்தர நிகாயத்தில் புத்த பெருமான், நல்லோர் அல்லாதார் கொடுக்கும் முறையை விளக்குகிறார். மதிப்பின்றிக் கொடுத்தல், கருதிப் பாராமல் கொடுத்தல், தன் கையால் கொடாமை, எறியத்தக்கதைக் கொடுத்தல், விளைவை எண்ணாது கொடுத்தல் என்பன அவை. டிப்ஸ் கொடுப்பதற்கு இதைவிடத் தெளிவான இலக்கணம் வேறெங்குத் தேடுவது?

முதலாவது, கூலியை முழுதும் கொடுங்கள். ரயில் நிலையத்தில் சுமை தூக்குவோருக்கு 2016-இல் ரயில்வே அமைச்சகம் ‘சஹாயக்’ என்று பெயர் சூட்டிற்று. தமிழில் ஊதியத்துக்குரிய ‘கூலி’ என்னும் சொல்லால் மனிதனையே அழைத்து வந்த வழக்கத்தை மாற்றியது நன்றே. ஆயினும் அவர்கள் ரயில்வேயின் சம்பளம் பெறுவோர் அல்லர். அறிவிப்புப் பலகையில் குறித்த கட்டணமே அவர்தம் வருவாய். அதில் 40 ரூபாயைப் பேரம் பேசிக் குறைத்து, முடிவில் 10 ரூபாயை இனாமாக நீட்டுகிறவன், அந்த உழைப்பாளியின் காசைக் கொண்டே அவனுக்கு வள்ளலாகிறான்.

இரண்டாவது, காசைக் கையில் கொடுங்கள், அல்லது தட்டில் வையுங்கள். கை கையில் படாதபடி மேலிருந்து நாணயத்தைப் போட்ட காலத்தை நம் பாட்டன்மார் அறிவர். தரையில் எறிந்து பொறுக்க வைத்ததும் உண்டு. அவ்வழக்கத்தின் சாயல்கூட நம் கையில் ஒட்டுதல் ஆகாது.

மூன்றாவது, அழைக்கும் சொல்லைக் கவனியுங்கள். ‘டேய்’ என்று கூப்பிட்டுவிட்டு 50 ரூபாய் கொடுப்பதினும், ‘ஐயா’, ‘அண்ணா’, ‘அம்மா’, ‘தம்பி’ என்று அழைத்து 5 ரூபாய் கொடுப்பது மேலானது.

நான்காவது, கண்ணில் படாதவரை நினையுங்கள். பரிமாறுபவர் எதிரே நிற்கிறார். எச்சில் பாத்திரம் கழுவும் பெண்ணும் கழிப்பறை துடைப்பவரும் சமையற்கட்டுக்கும் சுவருக்கும் அப்பால் மறைந்திருக்கின்றனர். அவர்கள் யார் வீட்டுப் பிள்ளைகள் என்பது நமக்குத் தெரியும். விடுதியை விட்டுப் புறப்படும்போது, அறையைத் துப்புரவு செய்தவருக்கு நேரே கொடுத்து நன்றி கூறுங்கள்.

ஐந்தாவது, சக்திக்கு மீறிப் பெருமைக்காகக் கொடாதீர்கள். உடன் உண்பவர் பார்க்கிறாரே என்று கொடுப்பது பரிமாறியவருக்கன்று, பார்ப்பவருக்கே கொடுத்ததாகும். கையில் இல்லாதபோது இன்சொல் போதும். எரிவாயு சிலிண்டருக்கு நாம் தரும் விலையில், வீட்டில் கொண்டுவந்து சேர்க்கும் செலவும் அடங்கும். மேலதிகம் கேட்டால் கொடுக்கக் கட்டாயமில்லை. ஆனால் மூன்று மாடி ஏறி வந்தவருக்குத் தண்ணீர் கொடுக்காமல் கதவைச் சாத்துவது பண்பாகுமா?

7. வாங்குவோர் ஒழுங்கு

வாங்கும் சகோதரர்க்கும் ஒரு வார்த்தை. உள்ளன்புடன் தந்ததை நிமிர்ந்து நின்று வாங்குங்கள். கூனி வாங்க வேண்டுவதில்லை. கொடாதவரை முகம் சுளித்து நோக்காதீர்கள். அவர் தரவேண்டிய கடன் ஏதுமில்லை. கொடாததைக் கொள்ளாமை நம் இரண்டாம் சீலம். பொதுவில் வந்த டிப்ஸைச் சமையற்கட்டில் இருப்பவரோடு பகிர்ந்துகொள்ளுங்கள். தொழிலாளருக்கென்று விருந்தினர் வைத்த காசை முதலாளி எடுத்துக்கொள்வாராயின், அவரும் அச்சீலத்தை மீறியவரே. அவரைக் கேட்பதற்குத் தனியே செல்லாமல் கூடிச் செல்லுங்கள். முக்கியமாக, ‘இங்கே டிப்ஸ் நன்றாக வரும்’ என்று சொல்லிச் சம்பளத்தைக் குறைப்பவரிடம் ஏமாறாதீர்கள். நோய்வாய்ப்பட்ட மாதத்தில் டிப்ஸ் வராது.

8. வேலை கொடுப்போர் ஒழுங்கு

நம்மில் இன்று வீட்டு வேலைக்கு ஆள் வைத்திருப்போரும் உளர். சிகாலகன் என்னும் இளைஞனுக்குப் பகவன் அருளிய உபதேசத்தில், வேலை செய்வோருக்கு எஜமானன் ஆற்றவேண்டிய ஐந்து கடமைகள் கூறப்படுகின்றன. வலிமைக்கேற்ப வேலை தருதல், உணவும் ஊதியமும் அளித்தல், நோயில் பேணுதல், அரிய சுவைப் பண்டங்களைப் பகிர்ந்துண்ணல், உரிய காலத்தில் ஓய்வு தருதல் என்பன அவை. வரிசையைக் கவனியுங்கள். ஊதியம் முன்னே நிற்கிறது; பகிர்ந்துண்ணல் பின்னே வருகிறது. ஊதியத்தைக் குறைத்துவிட்டுப் பண்டிகைக்குப் பழைய சேலை கொடுப்பவர் இவ்வரிசையைத் தலைகீழாக்குகிறார். மாதம் 500 ரூபாய் உயர்த்தித் தருவதும், வாரம் ஒருநாள் சம்பளத்துடன் விடுமுறை தருவதும் நூறு இனாம்களுக்கு மேலானவை.

முடிவு

இளைஞர்கள் கூறுவதில் உண்மை இருக்கிறது. இனாமை நம்பி வாழும் முறை அடிமைத்தனத்தின் நிழலே. ஆனால் அம்முறையை ஒழிக்கும் வழி, இன்று குறைந்த கூலிக்கு உழைக்கும் ஒருவர் கையில் விழும் காசைக் கொள்கையின் பெயரால் நிறுத்துவதன்று. அப்படிச் செய்தால் நம் கொள்கைக்கு அவர் வயிறு விலை கொடுக்கும். புல்மன் ஊழியர் காட்டிய வழியே வழி. கூலியை உயர்த்துங்கள், சங்கத்தில் சேருங்கள், சட்டம் தரும் உரிமையைக் கேட்டுப் பெறுங்கள். கூலி நிறைவாகும் நாளில் இனாம் அன்பின் அடையாளமாக மட்டும் நிற்கும். அல்லது ஜப்பானைப் போல் தானே மறையும். அந்நாள் வரையில் மதிப்போடு கொடுங்கள், மானத்தோடு வாங்குங்கள்.

பாட வினாக்கள்

1. கூலி, இனாம், லஞ்சம், தானம் ஆகிய நான்கையும் உங்கள் ஊர் உதாரணத்தால் வேறுபடுத்துக.

2. டிப்ஸைத் தடுத்த அமெரிக்க மாநிலச் சட்டங்கள் ஏன் தொழிலாளருக்கு உதவவில்லை? சங்கத்தார் கையாண்ட வழி யாது?

3. போனஸ் இனாமிலிருந்து உரிமையான படிகளை ஆண்டுகளுடன் கூறுக.

4. உங்கள் வீட்டில் அல்லது தெருவில் உழைப்பவர் ஒருவருக்கு இவ்வாண்டு தரப்பட்ட இனாம் எவ்வளவு, உயர்த்தப்பட்ட ஊதியம் எவ்வளவு என்று கணக்கிட்டு, அடுத்த கூட்டத்தில் பேசுக.